எஸ்தர் பேசிய பி பக்கம்

அன்றைக்கு அந்தச் சிங்கப்பூர்க் கம்ப்யூட்டர் வகுப்பில் இருந்தது ஐந்து பேர்: ஆசிரியை திருமதி டான், வங்கியில் வேலை பார்க்கும் சீனப் பெண்கள் இருவர், ஓய்வுபெற்ற மலாய்த் தபால்காரர் ஒருவர், பிறகு நான். ஒவ்வொருவரும் எழுந்து தன்னைப் பற்றித் தானே சொல்ல வேண்டுமாம், பொழுதுபோக்கையும் சேர்த்து. சங்கரன்கோவிலில் என்னை யாரும் இப்படி நிறுத்திக் கேட்டதில்லை. "யாரு மகன்? எந்தத் தெரு?" அதோடு சரி. நான் எழுந்து, சயின்ஸ் ஸ்டூடண்ட் என்றேன். எந்தக் கம்பெனியிலும் இல்லை, கேட்கிறவர்களுக்கு புரோகிராம் எழுதிக் கொடுக்கிறேன் என்றேன். பொழுதுபோக்கு, கேசட் கேட்பது.

"என்ன பாட்டு?" என்றார் திருமதி டான்.

"பாட்டு இல்லை, பிசிக்ஸ்."

நான் வேடிக்கை பண்ணுவதாக நினைத்து நாலு பேரும் சிரித்தார்கள்.

ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சயின்ஸ் படித்தது என் தங்கை எஸ்தர், பி.எஸ்சி. இரண்டாம் வருஷம் வரை. காலேஜில் நடத்திய பாடத்தை கேசட்டின் ஏ பக்கத்தில் எனக்காகத் திரும்பச் சொல்லுவாள். பி பக்கத்தில் வீட்டுச் சங்கதி. நான் அதே கேசட்டில் பதில் பேசி, ஊருக்குப் போகிற யாரிடமாவது கொடுத்தனுப்புவேன். பேசியது அழியாமல் இருக்க கேசட்டின் முதுகில் உள்ள பிளாஸ்டிக் பல்லை உடைத்துவிடுவார்களே, ஒரே கேசட் போய்வருவதால் நாங்கள் உடைப்பதில்லை.

ஏ பக்கத்தை வந்த அன்றே கேட்டுவிடுவேன். பி பக்கம் என்றால் பயம். யாருக்கு என்ன ஆயிற்றோ என்று ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடுவேன். கடைசியில் பார்த்தால், ஆடித் தபசுக் கூட்டத்தில் பஸ் கிடைக்காமல் அப்பா நடந்து வந்த கதையாக இருக்கும். இருந்தாலும் அடுத்த முறையும் பயம்தான்.

இங்கே மளிகைக் கடை வைத்திருக்கும் கடையநல்லூர் பாய், சரக்குப் பட்டியல் போடச் சொல்லி எனக்கு ஒரு சின்னக் கம்ப்யூட்டர் வாங்கித் தந்திருந்தார். அதில் எழுதுகிற புரோகிராமையும் கேசட்டில்தான் பதிய வேண்டும். ஒருநாள் கடையில் நான் அதைத் தட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

"ஏலே, மிஷினு முட்டையா போட்டிருக்கு? ஒரு மாசமா அடகாக்குத."

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பதற்றத்தில் என் பையிலிருந்து கைக்கு வந்த கேசட்டைப் போட்டுப் பதிந்தேன். அழிந்துவிடுமோ என்ற பயத்தில் ஒன்றுக்கு மூன்று தடவை பதிந்தேன். வெளியே எடுத்தபோதுதான் எஸ்தரின் கையெழுத்து கண்ணில் பட்டது. ஒன்பது நாளாக நான் கேட்காமல் வைத்திருந்த பி பக்கம் அது.

போட்டுக் கேட்டேன். முழுக்க ஒரே கீச்சொலி. கடைசியில் மட்டும் அவள் குரல் மிஞ்சியிருந்தது: "...நீ என்ன சொல்லுதியோ அதாண்ணே. சீக்கிரம் பதில் போடு."

என்ன கேட்டாய் என்று எழுதியிருக்கலாம். ஒன்பது நாள் கேட்காமல் வைத்திருந்ததும், அழித்ததும் தெரிந்துபோகுமே. "எனக்குச் சம்மதம்" என்று எழுதிப் போட்டேன். எதற்குச் சம்மதம் என்று எனக்கே தெரியாது.

கல்யாணப் பத்திரிகை வந்தது. மாப்பிள்ளைக்கு சிவகிரி. கூடவே அப்பாவின் கடிதம்: "படிப்பு முடியட்டும்னு நீ ஒரு வார்த்த சொல்லுவேன்னுதான் அவ ஒங்கிட்ட கேட்டா. நீயே சம்மதம்னுட்ட. பொறவு நாங்க என்ன சொல்ல?"

அதற்குப் பிறகு எஸ்தர் கேசட் அனுப்பவில்லை. நானும் இன்றுவரை அவளிடம் நடந்ததைச் சொல்லவில்லை. இதை எழுதும்போதுகூட, சிவகிரியில் அவள் கையில் இது அச்சாகும் பத்திரிகை கிடைத்துவிடக் கூடாதே என்று ஒரு மனசு. கிடைக்கட்டுமே என்று இன்னொரு மனசு.

அன்றைக்கு அந்த வகுப்பு முடிந்து அறைக்கு வந்து, வழக்கம்போல அந்தக் கேசட்டைப் போட்டேன். "வெளிச்சம் காத்துலேருந்து சரிஞ்சு தண்ணிக்குள்ள போவும்போது வளைஞ்சுதாண்ணே போவும்," என்கிறாள். "பாடம் முடிஞ்சுது. திருப்பிப் போடு."

திருப்பிப் போட்டேன். கம்ப்யூட்டருக்கு மட்டும் புரிகிற அந்தக் கீச்சொலியில், பாய் கடைப் பருப்பு மூட்டைகள் மூன்று தடவை வரிசையாகப் போயின. அதெல்லாம் முடிந்த பிறகு, சங்கரன்கோவிலிலிருந்து எஸ்தர் கேட்டாள்: "சீக்கிரம் பதில் போடு."