இரண்டு நாள் பேர்

வீரம்மாவை நான் முதலில் பார்த்தபோது அவள் எங்கள் கந்தோர் வாசலில் தெப்பமாக நனைந்து நின்றாள். வட்டகொடைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிப்பவள். வயது இருபத்திரண்டு இருக்கும். கல்யாணமாகி எட்டு மாதம். நான் அப்போது நுவரெலியாவில் ஒரு புரொக்டரிடம், அதாவது வக்கீலிடம், கிளாக்கராக இருந்தேன். நானும் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்தவன் என்பதால், தோட்டத்து ஆட்கள் யார் வந்தாலும் "அலோசியஸிடம் பேசு" என்று என் பக்கம் தள்ளிவிடுவார்கள். அது 1953, மழை விடாத ஒரு வியாழக்கிழமை.

"எங்க வீட்டுக்காரரைப் பொலிசு கூட்டிட்டுப் போயிருக்குங்க. மத்தியானமே விட்டுருவோம்னு சொன்னாங்க. இன்னைக்கு மூணாவது நாளுங்க" என்றாள்.

தோட்டத்து ஸ்டோரிலிருந்து ஒரு தேயிலைப் பெட்டி காணாமல் போயிருந்தது. அவள் புருஷன் ஆண்டியப்பன் மலையில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறவன். முன்பு ஸ்டோரில் வேலை பார்த்தவன் என்ற ஒரே காரணத்துக்காக, செவ்வாய்க்கிழமை விடிவதற்கு முன் லயத்துக் காம்பரா வீட்டிலிருந்து அவனை அழைத்துப் போயிருக்கிறார்கள். அவன் போர்த்தியிருந்த கம்பளியைக்கூட எடுக்க விடவில்லை என்று அவள் இரண்டு தரம் சொன்னாள். மூன்று நாளாக அவளுக்கு அந்தக் கம்பளிக் கவலைதான்.

அன்று காலையில்தான் அவனை நீதவான் முன்னால் நிறுத்தியிருந்தார்கள். பொலிஸ் சொன்ன கதை வேறு. புதன்கிழமை மாலை ஆறு மணிக்கு, ஸ்டோருக்குப் பின்னால், பெட்டியும் கையுமாக அவனைப் பிடித்தோம் என்று எழுதியிருந்தார்கள். ஏன் புதன்கிழமை? பிடித்த ஆளை இருபத்துநாலு மணித்தியாலத்துக்கு மேல் பொலிசில் வைத்திருக்கக் கூடாது, அதற்குள் நீதவானிடம் கொண்டுபோக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை பிடித்தேன் என்று எழுதினால் மாட்டிக்கொள்வார்கள். சட்டத்தை மீறுவதைவிடத் தேதியை மாற்றுவது சுலபம் அல்லவா?

என் புரொக்டருக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஆண்டியப்பன் செவ்வாய்க்கிழமை முதல் பொலிசில் இருந்தான் என்று காட்டிவிட்டால், புதன்கிழமை பெட்டியோடு பிடிபட்ட கதை தானே விழுந்துவிடும். லயத்து ஆட்களைச் சாட்சிக்கு அழைத்தால் பயப்படுவார்கள். தோட்டத்துச் செக்ரோல் பயப்படாது. அந்தப் புத்தகத்தில் யார் எந்த நாள் வேலைக்கு வந்தார்கள் என்று இருக்கும். ஒரு நாள் வேலை செய்தால் அதற்கு ஒரு பேர். ஆண்டியப்பனுக்கு அந்த இரண்டு நாளும் பேர் இருக்காது. புத்தகத்தை நீதிமன்றத்துக்கு அழைக்கும் மனுவை நான்தான் எழுதினேன். வீரம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. லயத்தில் பிறந்தவனாம் நான்.

வழக்கு ஒரு மாதம் கழித்து வந்தது. அதுவரை அவனை றிமாண்டில் வைத்திருந்தார்கள். வாரம் தவறாமல் அவள் வந்தாள். "எப்பங்க வருவாரு?" என்று கேட்பாள். காலையில் தேத்தண்ணி ஊற்றும்போது கை தானாக இரண்டு கோப்பையை எடுக்கிறது என்று ஒருநாள் சொல்லிவிட்டு, வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். புத்தகம் வந்தால் அவன் வந்துவிடுவான் என்று நான் சொன்னேன். எந்தப் புத்தகம் என்று அவள் கேட்கவில்லை, நானும் விளக்கவில்லை.

விசாரணை நாளில், தோட்டத்தில் பேர் பதியும் கணக்கப்பிள்ளை நல்லமுத்து செக்ரோலைத் தூக்கிக்கொண்டு வந்தார். நீதவான் சொன்னதும் வாசித்தார். "ஆண்டியப்பன். செவ்வாய், முழுப் பேர். புதன், முழுப் பேர்."

அந்த இரண்டு நாளும் அவன் மலையில் வேலை செய்தான் என்று ஆகிவிட்டது; என் புரொக்டர் மனுவை மடித்து வைத்தார். நான் திரும்பி வீரம்மாவைப் பார்த்தேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். நல்லமுத்துவைப் பார்த்து மெதுவாகக் கைகூப்பினாள்.

மத்தியான இடைவேளையில் அவளை வெளியே இழுத்துவந்து கத்தினேன். அவள் மிரண்டுபோய்ச் சொன்னாள். "அந்த மாசம் காய்ச்சல்ல ஏற்கெனவே நாலு நாள் நின்னுட்டாருங்க. இன்னும் நின்னா பேர் வெட்டிருவேன்னு தொரை சொல்லியிருந்தாரு. பேர் வெட்டுனா வேலையோட காம்பராவும் போயிருங்க. அதான் காலையில ஆளெடுக்குற பெரட்டுல கணக்கப்புள்ள ஐயா கால்ல விழுந்து, பேரை மட்டும் போட்டுருங்கன்னு கெஞ்சுனேன். ரெண்டு நாளும் போட்டாரு. நல்ல மனுசருங்க."

நான் எல்லாவற்றையும் விளக்கினேன். அவளுக்குப் புரிந்த கணம் எனக்குத் தெரியும், ஏனென்றால் அப்போது அவள் கீழே உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. பிறகு எழுந்து, "நான் உள்ள போய்ச் சொல்றேங்க" என்றாள்.

"சொன்னால் நல்லமுத்துவுக்கு வேலை போகும்."

"தெரியுங்க. அவருக்கு நாலு பொம்பளப் புள்ளைங்க. ஆனா எனக்கு அவரு வேணுங்க" என்று நீதிமன்றக் கதவைக் காட்டினாள். அந்தப் பக்கம்தான் ஆண்டியப்பன் இருந்தான்.

சொன்னாள். நான்தான் பொய்யாகப் பேர் போடச் சொன்னேன், என் புருஷன் செவ்வாய்க்கிழமையே பொலிசில் இருந்தார் என்று சாட்சிக் கூண்டில் நின்று சொன்னாள். ஒரு சொல்லும் தவறவில்லை. நீதவான் நல்லமுத்துவை மறுபடி அழைத்தார். அவர் புத்தகத்தையே பார்த்துக்கொண்டு, "எழுதினது சரிங்க" என்றார். பெண்டாட்டி புருஷனுக்காக எதையும் சொல்வாள் என்று பொலிஸ் தரப்பில் சிரித்தார்கள். ஆண்டியப்பனுக்கு ஆறு மாதம்.

"ஆறு மாதம்தானே" என்று எங்கள் கந்தோரில் ஒருவர் சொன்னார். அவர் தினமும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகிறவர்.

தண்டனை வந்த மறு வாரமே தோட்டத்தில் இருவருக்கும் வேலையிலிருந்து நீக்கும் பத்துச்சீட்டு கொடுத்து வெளியேற்றினார்கள். வீரம்மா கந்தப்பளையில் அக்காள் வீட்டில் ஒட்டிக்கொண்டு, அங்கே அன்றாடக் கூலியாகக் கைக்காசுக்குக் கொழுந்து பறித்தாள். நல்லமுத்துவைப் பற்றி ஒருமுறை நான் வாய்க்கு வந்தபடி பேசியபோது, "நான் கேட்டுத்தானேங்க செஞ்சாரு" என்று என்னை அடக்கினாள்.

தண்டனை வந்து ஆறு வாரம் கழித்து, ஆண்டியப்பனைக் கண்டிச் சிறையில் பார்க்க வீரம்மாவுக்கு அனுமதி கிடைத்தது. அனுமதித் தாளில் எழுத ஆள் வேண்டுமென்று நானும் போனேன். வழியெல்லாம், பார்த்ததும் என்ன சொல்வது என்று தனக்குள் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். அங்கே இரண்டு கம்பிவலைகள். நடுவில் ஒரு முழம் வெற்றிடம். ஆண்டியப்பன் மெலிந்திருந்தான்.

"என்னாலதாங்க. நான்தான் பேரைப் போடச் சொன்னேன். அந்த ரெண்டு நாளும் எழுதாம இருந்திருந்தா நீங்க இந்நேரம் என்கூட இருந்திருப்பீங்க" என்றாள்.

ஆண்டியப்பன் தலையை ஆட்டினான்.

"அந்த ரெண்டு நாளும் பொலிசு கூண்டுக்குள்ள நான் அதையேதான் வேண்டிக்கிட்டு இருந்தேன் புள்ள. கணக்கப்புள்ள ஐயா கால்ல விழுந்தாச்சும் நம்ம பேரைப் போட வச்சிரு, இல்லாட்டி நீ எங்க போவன்னு. சொல்லியனுப்ப ஆளில்ல. நீயாவே செஞ்சிருக்க."

வீரம்மா கம்பிவலையில் விரல்களை நுழைத்தாள். அவனும் நுழைத்தான். அந்த ஒரு முழத்தை எட்ட முடியவில்லை. இன்னும் நாலரை மாதம் இருந்தது.