வாங்கறதுன்னா குத்துங்க

மூன்று வருடத்துக்கு முன்பு, வைகாசி மாதம், பலாப்பழ சீசன். எங்களுக்குக் கொல்லிமலையில் வளப்பூர் நாட்டுப் பக்கம் ஒரு சின்ன ஊர். கொஞ்சம் மிளகுக் கொடி, மரவள்ளி, வரப்போரமாகப் பலா மரங்கள். அந்த வருடம் மாசியில் மிளகு பறிக்க ஏணி ஏறிய என் கணவர் கால் வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். கட்டுப் போட்டு, அசையாமல் படுக்கச் சொல்லிவிட்டார்கள்.

மனுஷன் படுத்துவிட்டார் என்பதற்காகப் பலா பழுக்காமல் இருக்குமா? மரத்தடிக்குப் போனாலே வாசம் ஆளைத் தூக்கியது. வாரச் சந்தைக்கு யார் கொண்டு போவது என்று பேச்சு வந்தபோது, திருப்பூரில் வேலை பார்க்கும் என் மகன் போனிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டான். "அம்மா, நீ போவாத. உனக்குப் பேசத் தெரியாது. சித்தப்பாகிட்ட குடுத்து உடு." என் கணவர் சொன்னதும் அதேதான். எனக்கும் அது நிஜம் என்றுதான் பட்டது. இருபது வருடத்துக்கு மேல் சந்தைக்குப் போய் வந்திருக்கிறேன், எப்போதும் அவருக்குப் பின்னால் பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்வதோடு சரி.

கொழுந்தனார் இன்று வருகிறேன், நாளை வருகிறேன் என்றார். பழம் அவருக்காகக் காத்திருக்குமா? நானே அறுத்துக் கயிறு கட்டி இறக்கி, காலை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.

சந்தையில் சாக்கை விரித்துப் பழங்களை அடுக்கினேன். மலைக்குக் கீழே சமவெளியிலிருந்து லாரியோடு வந்து எங்களிடம் வழக்கமாக வாங்கும் வியாபாரி கையில் கத்தியோடு வந்தார். என்னைவிடப் பத்து வயது இளையவர் இருப்பார். "என்னங்க அக்கா, பழம் எப்படிங்க?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் ஒரு பழத்தில் கத்தியை இறக்கி, முக்கோணமாக ஒரு துண்டு எடுத்துப் பார்த்தார். "காயா இருக்குதுங்க." அடுத்த பழத்தில் ஒரு குத்து. "இதுவும் காய்தானுங்க." இப்படியே நாலைந்து பழங்களைக் குத்திவிட்டு நடையைக் கட்டினார். வெட்டுவாயில் பால் வடிந்தது, ஈ மொய்த்தது. குத்துப்பட்ட பழத்தை வேறு யார் சீந்துவார்கள்? மதியத்துக்கு மேல் அவருடைய ஆள் ஒருவர் வந்து, "குத்துப்பட்ட பழமுங்க, நாளைக்கு அழுகிப்போயிருமுங்க" என்று எனக்காக வருத்தப்பட்டுவிட்டு, தான் வைத்ததே விலையென்று அத்தனையையும் அள்ளிக்கொண்டு போனார். நானும் தலையாட்டிவிட்டுப் பஸ் ஏறினேன்.

மரியாதைக்கு ஒரு குறைச்சலும் இல்லை, அக்காதான், வாங்க போங்கதான். அந்த மரியாதையோடுதான் என் தலையில் மிளகாய் அரைத்தார்கள்.

பஸ்ஸில் வரும்போதுதான் யோசித்தேன். இதே வியாபாரி என் கணவரிடம் வாங்கும்போது ஒரு நாளும் கத்தியை எடுத்ததில்லை. உள்ளங்கையால் தட்டிப் பார்ப்பார், மோந்து பார்ப்பார், லாரியில் ஏற்றிவிடுவார். ஆள் இல்லாமல் தனியாக உட்கார்ந்திருக்கும் பெண்களிடம் மட்டும்தான் கத்தி. அதே மரம், அதே பழம். எதிரே உட்கார்ந்திருப்பது வேட்டியா சேலையா என்பதைப் பார்த்துத்தான் பழம் காயாவதும் கனியாவதும்! நினைக்க நினைக்க எனக்கு வயிறு எரிந்தது.

வீட்டில் சொன்னேன். "அதுக்குத்தான் போவாதன்னு சொன்னேன்" என்றார் என் கணவர். என்னைத்தான் குறை சொன்னாரே தவிர, அந்தக் கத்தியை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அடுத்த சந்தைக்கும் போனேன். பெரிய திட்டமெல்லாம் எதுவும் இல்லை, பழுத்தது வீணாகப் போகக்கூடாது, அவ்வளவுதான். அதே வியாபாரி, அதே கத்தி, அதே அக்கா. முதல் பழத்தைக் குத்தினார். துண்டின் உள்பக்கம் மஞ்சள் அரைத்துப் பூசியது போல இருந்தது. எனக்கே தெரிகிறது, அவருக்குத் தெரியாதா? "இன்னும் காயா இருக்குதுங்க அக்கா" என்று சொல்லி, துண்டை மண்ணில் விட்டெறிந்தார். அது உருண்டு வந்து என் காலடியில் நின்றது.

குத்தியதைக்கூடப் பொறுத்திருப்பேன். விட்டெறிந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. குனிந்து எடுத்து, மண்ணைத் தட்டிவிட்டு, அதிலிருந்த சுளையைப் பிய்த்து வாயில் போட்டேன். தேன்தான். மிச்சத்தை அவர் முன்னால் நீட்டினேன்.

"தின்னு பாருங்க. இது காயா?"

அவர் சிரித்தார். "ஊட்டுல ஆம்பளைங்க யாரும் வரலீங்களா? அவங்ககிட்டப் பேசிக்கறனுங்க."

"அறுத்து எறக்குனது நானு, தலையில சொமந்து வந்தது நானு. பேசறதுக்கு மட்டும் ஆம்பளை வரோணுமா?"

சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. சின்ன வயதிலிருந்தே இது என்னைப் பிடித்த சனியன். கோபம் வந்தால் குரல் உடையும், கண்ணில் பொலபொலவென்று கொட்டும். இதற்குப் பயந்துதான் பாதி வாழ்நாள் நான் வாயைத் திறந்ததில்லை. என் அழுகையைப் பார்த்ததும் அவருக்குத் தெம்பு வந்துவிட்டது. "அட, அழுவாதீங்க அக்கா. இதுக்கெல்லாம் போயி" என்று சமாதானம் பேச ஆரம்பித்தார். பக்கத்தில் மிளகு விற்க வந்திருந்த எங்கள் ஊர்க்காரர் ஒருவரும், "உடு அம்மிணி, யாவாரிகிட்ட எதுக்கு வம்பு" என்றார். குத்தியவரைப் பார்த்து ஒருவர்கூட ஒன்றும் கேட்கவில்லை.

"இது அழுகையில்லீங்க, கோவம்" என்றேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டேதான் சொன்னேன். குத்துப்பட்ட பழத்தைத் தூக்கிக்கொண்டு போய் அவருடைய லாரியின் திறந்திருந்த பின்கதவின் மேல் வைத்தேன். "குத்துனது உங்க பழம். காசு குடுங்க. இனிமே வாங்கறதுன்னா குத்துங்க, இல்லீன்னா தொடாதீங்க."

அவர் முகம் மாறிவிட்டது. அந்தப் பழத்தை இறக்கி என் சாக்கின் மேல் போட்டார். "இனி இந்தச் சந்தையில உங்க பழத்த எவன் வாங்கறான்னு பாக்கறனுங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். அடுத்து உட்கார்ந்திருந்தது என்னைவிட வயதான ஓர் அம்மா. அதுவரை வாய் திறக்காதவர், கத்தி பக்கத்தில் வந்ததும் இரண்டு கையையும் விரித்துத் தன் பழத்தின் மேல் வைத்துக்கொண்டார். வியாபாரி அங்கேயும் குத்த முடியாமல் தாண்டிப் போனார்.

வியாபாரி சொன்னபடியே அன்று யாரும் என்னிடம் வாங்கவில்லை. கொண்டு போனதை அப்படியே திரும்பக் கொண்டு வந்தேன். நாங்கள் தின்றோம், அக்கம்பக்கம் கொடுத்தோம், மிச்சத்தை மாடு தின்றது. கணவர் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மகன் போனில், "உனக்கு ஏம்மா இந்த வேண்டாத வேலை?" என்றான். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள், அதே வாய் அம்மாவுக்கு இருந்தால் மட்டும் வேண்டாத வேலையாம்! "உனக்குப் பேசத் தெரியாதுன்னு சொன்னயே கண்ணு, இப்பத் தெரிஞ்சுதில்ல" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

அதற்கடுத்த சந்தைக்கும் கிளம்பினேன். பொய் சொல்வானேன், பாதி வழியில் இறங்கிவிடலாமா என்றுகூட நினைத்தேன். போய் உட்கார்ந்தேன். முதல் ஆளாக அவர்தான் வந்தார். கத்தி கையில்தான் இருந்தது. ஆனால் குனிந்து உள்ளங்கையால் தட்டினார், மோந்து பார்த்தார்.

"ஏனுங்க, ஒண்ணு குத்திப் பாக்கட்டுங்களா?"

"வாங்கறதுன்னா குத்துங்க."

குத்தவில்லை. என் கணவருக்குக் கொடுக்கும் அதே விலையைக் கொடுத்து, அத்தனையையும் லாரியில் ஏற்றினார். அவர் திருந்திவிட்டார் என்று நான் நினைக்கவில்லை. மழை பிடித்து அந்த வாரம் சந்தைக்குப் பழம் குறைவு, லாரி நிறைய வேண்டும். இன்றைக்கும் புதிதாகத் தனியாக வரும் பெண்ணைப் பார்த்தால் அவர் கை கத்திக்குத்தான் போகிறது. நான் பக்கத்தில் இருந்தால் குரல் கொடுக்கிறேன்.

என் கணவர் எழுந்து நடக்க ஆரம்பித்ததும், "இனிமே சந்தைக்கு நானே போறேன்" என்றார். "வாங்க, வந்து பின்னாடி உக்காருங்க" என்றேன். முணுமுணுத்துக்கொண்டுதான் வந்தார். இப்போது பை அவர் கையில் இருக்கிறது.

தைரியம் வந்தால் அழுகை நின்றுவிடும் என்று நினைத்து ஐம்பது வயது வரை காத்திருந்த என்னை நினைத்தால் எனக்கே ஆத்திரமாக வருகிறது. அது இன்னும் நிற்கவில்லை, இப்போதெல்லாம் நான் அழுதுகொண்டேதான் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன்.