முழுக்குக்கு முன் கங்காணி நடந்த தூரம்

பூனாகலையில் தொழிலாளர் குடியிருப்பான எங்கள் லயத்து வாசலில் கங்காணி வந்து நின்ற அந்த ஞாயிற்றுக்கிழமை இன்றும் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. மழையில் தொப்பலாக நனைந்திருந்தார். அம்மா உள்ளே கூப்பிடவில்லை. அவரும் கூரையடியில் ஒதுங்கவில்லை.

அதற்கு எட்டு வருடம் முன்பு ஹாலிஎலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் அப்பா அவருக்குக் கீழே வேலை செய்தார். ஒருநாள் தொழிற்சாலையில் தேயிலைத்தூள் மூட்டையொன்று காணாமல் போனது. அப்பா அதைச் சுமந்துபோனதைக் கண்ணால் பார்த்ததாகக் கங்காணி எல்லோர் முன்னாலும் சொன்னார். அப்பாவுக்கு வேலை போனது. குடியிருந்த லயமும் போனது. பூனாகலையில் அத்தை வீட்டில் வந்து ஒண்டிக்கொண்டோம். எங்களுக்கு முன்பே செய்தி வந்து சேர்ந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் நான் கள்ளன் மகள்.

“மூட்டைய எடுத்தது எம் மச்சான், அண்ணே,” என்றார் கங்காணி, வாசலுக்கு வந்த அப்பாவிடம். “தெரிஞ்சேதான் ஒங்க மேல பழியப் போட்டேன்.”

கங்காணி மேலே சொன்னார். மனைவி நோயில் விழுந்தபோது ஜெபவீட்டுக்குப் போகத் தொடங்கியவர், அவள் தேறிய பிறகும் போவதை நிறுத்தவில்லையாம். அடுத்த ஞாயிறு ஞானஸ்நானம். “ஒங்ககிட்ட வராம தண்ணியில எறங்க மனசு ஒப்பல.”

“ஒங்க சாமி மன்னிச்சிட்டாருல்ல? எங்கிட்ட எதுக்கு வர்றீங்க?” என்று கேட்டார் அப்பா.

“சாமிகிட்ட அழுதுட்டேன். ஆனா கள்ளன்னு பேரு வாங்குனது நீங்கதானே.”

அப்பா, “எங்க சொன்னீங்களோ அங்க போயி சொல்லுங்க,” என்றார்.

மறுநாள் விடிந்ததும் அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு பழைய தோட்டத்துக்குப் போனார். ஆட்களுக்கு வேலை பிரித்துக்கொடுக்கும் பெரட்டுக் களத்தில் எல்லோரும் கூடியிருந்தார்கள். தோட்டத்தை நடத்தும் துரையும் இருந்தார். கங்காணி தலைத்துணியை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு நடுவில் போய் நின்றார். மூட்டையை எடுத்தது மச்சான், பொய்ப்பழி போட்டது தான் என்று ஒரு சொல்லையும் விழுங்காமல் சொன்னார். மச்சான் அவர் முகத்துக்கு நேரே காறித் துப்பிவிட்டுப் போனான். அந்த வாரமே கங்காணி வேலை பறிபோனது. அதுவரை தான் அதட்டி வேலை வாங்கிய ஆட்களோடு சேர்ந்து மண்வெட்டி பிடித்து, மழைநீர் வடியக் கான் வெட்டினார். அதைப் பற்றி அவர் ஒருநாளும் முறையிட்டு யாரும் கேட்டதில்லை. அப்பாவுக்குத் தோட்டம் மீண்டும் வேலை கொடுத்தது.

கங்காணி முழுக்கு ஞானஸ்நானம் எடுத்த நாளில் அப்பா ஓடைக்கரைக்குப் போய்ச் சற்றுத் தள்ளி நின்றார். மன்னித்தேன் என்று வாய்விட்டுச் சொன்னாரா என்பது எனக்குத் தெரியாது. நாங்கள் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள், இன்றும் அப்படித்தான். கங்காணியும் எங்களைத் தன் வேதத்துக்கு அழைத்ததில்லை. என்றாலும் விசுவாசம் என்ற சொல் காதில் விழும்போதெல்லாம் பெரட்டுக் களத்தில் வெறுந்தலையோடு நின்ற அந்த மனிதர்தான் கண்முன் வருகிறார். உண்மையைச் சொல்ல ஒரு மனிதனுக்கு எவ்வளவு பலம் வேண்டும் என்பதை நான் பார்த்தது அங்கேதான்.

போன மாதம் அப்பாவைப் பதுளை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். இரண்டு பஸ் மாறி, கம்பூன்றிக்கொண்டு வந்த கங்காணி, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டினார். பக்கத்துக் கட்டில்காரர், “சொந்தக்காரருங்களா?” என்று கேட்டார்.

அப்பா கஞ்சியை விழுங்கிவிட்டுச் சொன்னார்: “இல்லீங்க. எனக்காகச் சாட்சி சொன்னவரு.”