டைரக்டர் பெயர் வராத வளைவு

பேய், சாத்தான் என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். போடியில் ஏலக்காய்க் கடை வைத்திருக்கிறேன், எதையும் கையில் எடுத்து உருட்டிப் பார்த்துத்தான் நம்புவேன். இதைக் கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். சிரித்துவிட்டே கேளுங்கள்.

எனக்கு ஒரு கிறுக்கு உண்டு. பழைய படங்களில் டைட்டில் ஓடும் பகுதியை மட்டும் எடுத்து, அலசி, யூடியூபில் வீடியோ போடுவேன். எங்கள் ஊரில் அதை 'எழுத்து' என்போம். எழுத்து போடுவதற்குள் தியேட்டருக்குப் போய்ச் சேர வேண்டும் என்று ஓடியே வளர்ந்தவர்கள் நாங்கள். அன்று எடுத்தது ஒரு கறுப்பு வெள்ளைப் படம். குரங்கணி மலை ரோட்டில் ஜீப்பு ஏறுகிறது, கேமரா பின் சீட்டில், டிரைவர் முகம் தெரியாது, ஸ்டீயரிங்கில் கையுறை போட்ட ஒரு கை மட்டும். ஒவ்வொரு வளைவிலும் மூடுபனிக்குள் ஒரு பெயர் வரும், வண்டி திரும்பியதும் மறையும். ரோடே பெயரைக் காட்டிவிட்டு வாங்கி வைத்துக்கொள்வது மாதிரி இருக்கும். எனக்கு அது மனப்பாடம்.

மழை பெய்த மதிய நேரம். டீ கொண்டுவந்த என் மனைவி சபீரா, திரையைப் பார்த்தபடி நின்றுவிட்டாள். "இது யூசுப்பு கையில்ல?" என்றாள்.

யூசுப் என் தம்பி, அதே ரோட்டில் எஸ்டேட்டுகளுக்கு ஜீப்பில் லோடு ஏற்றிப் போகிறவன். பானெட் விழுந்து அவன் கட்டைவிரல் நகம் பாதி போய்விட்டது. நம்பினால் நம்புங்கள், திரையில் கையுறையைக் காணோம், அந்தக் கட்டைவிரலிலும் பாதி நகம்தான்.

அதற்குள் கடைசி வளைவு, டைரக்டர் பெயர் வர வேண்டிய இடம். பெயர் வரவில்லை. ரோடும் இல்லை, வெறும் வெள்ளை. படத்தை அப்படியே நிறுத்திவிட்டு யூசுப்புக்குப் போன் போட்டேன். மலையில் என்றைக்கும் கிடைக்காத சிக்னல் அன்று கிடைத்தது.

"வண்டிய நிப்பாட்டுடா."

"இந்தா, இன்னும் ஒரு வளைவுதாண்ணே. மேல போய்ப் பேசுறேன்."

நான் அழுதேவிட்டேன். அண்ணன் அழுது கேட்டிராதவன், பயந்துபோய் வண்டியை நிறுத்தினான். மண் சரிகிற சத்தம் போனில் எனக்கே கேட்டது. வளைவுக்கு அந்தப் பக்கம் ரோட்டையே காணோம் என்றான்.

பிறகு அதே படத்தைப் போனில் போட்டுப் பார்த்தேன். கையுறையோடுதான் இருக்கிறது, டைரக்டர் பெயரும் ஒழுங்காக வருகிறது. என் லேப்டாப்பில் மட்டும் அந்த வெள்ளை நிற்கிறது. அதற்கு மேல் ஓட்டிப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை. சார்ஜரைப் பிடுங்காமல், துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன், கரண்ட் போனால் எனக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. காலையில் மலைக்குக் கிளம்பும்போது யூசுப் எங்கள் வாசலில் நிறுத்தி, "எழுத்து முடியலையே, மதினி?" என்று கேட்பான். "நிக்கிதுப்பு, பாத்துப் போ" என்று இவள் சொன்ன பிறகுதான் வண்டி நகரும்.

போன வெள்ளிக்கிழமை தூசி தட்டத் துணியை எடுத்த சபீரா என்னைக் கூப்பிட்டாள். நிறுத்தி வைத்த படத்தில், அந்த வெள்ளையில், ஓர் எழுத்து மட்டும் மங்கலாக வந்திருந்தது. யூசுப் பெயரில் அந்த எழுத்து கிடையாது. என் பெயர் அதில்தான் தொடங்கும்.

கல்யாணம் ஆனதிலிருந்து சபீரா என் பெயரை வாயால் சொன்னதில்லை. அன்றும் சொல்லவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "உங்க எழுத்து வந்திருக்குங்க" என்றாள்.