நெரித்து மூடிய கொக்கி

என் அண்ணா பத்மநாதன் ஒஸ்லோவில் வெள்ளி வேலை செய்தார். மே பதினேழு, தேசிய நாள், நெருங்கினால் நோர்வேக்காரர் தங்கள் தேசிய உடையில் குத்தும் பதக்கங்களைத் திருத்தக் கொண்டுவருவார்கள். மயிரிழைக் கம்பி வேலை. விளிம்பெல்லாம் சிறு தொங்கட்டங்கள். பட்டறைக் கதவு திறந்தால் அவை கிலுங்கும். அண்ணா நிமிர்ந்து, ஒரு குழந்தையின் தலை வரக்கூடிய உயரத்தில் பார்ப்பார்.

கிளிநொச்சியில் விட்டுவந்தபோது மகன் கஜரூபனுக்கு ஒரு வயது. யுத்தத்தின் கடைசி மாதங்களில் அண்ணி செல்லடியில் இறந்ததைக் கண்டவர்கள் இருந்தார்கள். பிள்ளையைக் கண்டவர் ஒருவருமில்லை.

அவன் இடுப்பில் அண்ணா செய்த வெள்ளி அரைஞாண் இருந்தது. அதை எந்நேரமும் பிடித்து இழுப்பான். ஓட்டத்தில் கழன்று விழுந்துவிடும் என்று, புறப்பட்ட அன்று அண்ணா அதன் கொக்கியைக் குறட்டால் நெரித்து மூடினார். இனிக் கழற்றுவதென்றால் வெட்டத்தான் வேண்டும்.

சில வருடங்களுக்கு முன், ஒஸ்லோவின் ஹவுகன்ஸ்டுவாவில் இருந்த எங்கள் வீட்டுக்கு, பக்கத்து ஸ்டோவ்னரிலிருந்து ஜெயகுமாரி அக்கா ஒரு பை பழைய வெள்ளியோடு வந்தார்.

"அண்ணை, உதுகளை உருக்கிப் பேரனுக்கு ஒரு அரைஞாண் செய்து தாங்கோ. பிறந்த முப்பத்தொண்டாம் நாள் கட்ட வேணும். பேர் நோர்வேக்காரன்ர பேர். இடுப்பாவது எங்கட இடுப்பா இருக்கட்டும்."

அண்ணா சிரித்துக்கொண்டே பையைக் கொட்டினார். ஒன்றைக் கையிலெடுத்தார். சிரிப்பு நின்றது.

"இது எங்கை வாங்கினது?"

"வவுனியாவில. அடைவு மீளாத நகையெண்டு நிறுத்து வித்தவங்கள். ஏன், பித்தளையைத் தலையில கட்டிட்டாங்களே?"

"இல்லைப் பிள்ளை. நல்ல வெள்ளி."

அண்ணா இடக்கையர். அவர் முறுக்கும் கம்பி மற்றவர்களுடையதற்கு எதிராகச் சுற்றும். கொக்கி நெரித்தபடியே இருந்தது. சங்கிலியை வேறிடத்தில் வெட்டியிருந்தார்கள்.

அக்கா போனபின் என்னிடம் நீட்டினார். "இஞ்சை பார். நடுவில ஆரோ வளையம் சேர்த்திருக்கிறாங்கள். என்ர வேலையில்லை. பெடிக்கு இடுப்புப் பெருத்திருக்கு."

"அண்ணியே அப்ப சேர்ப்பிச்சிருக்கலாம், அண்ணா."

"ஓம். சேர்ப்பிச்சிருக்கலாம்."

அக்காவுக்குத் தன் வெள்ளியில் புதிதாகச் செய்து கொடுத்தார். வவுனியாவுக்கு ஆள் விட்டுக் கேட்டதில், விற்ற கடை பூட்டிக் கிடந்தது. அதன்பின் ஒவ்வொரு தையிலும், மகன் பிறந்த நாளில், அந்தச் சங்கிலிக்கு வளையம் சேர்த்தார். பட்டறைக் கதவு திறக்கும்போது அவர் பார்க்கும் உயரமும் ஏறிக்கொண்டே போனது.

இந்தத் தையில் வளையத்தை வளைத்துக் கோத்தவர், அதைப் பற்றவைக்குமுன் மேசையிலேயே சாய்ந்துவிட்டார். சங்கிலியைச் சவப்பெட்டிக்குள் அவரோடு வைக்கச் சொன்னார்கள். நான் கொடுக்கவில்லை.

நேற்று அதைப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அண்ணாவோடு வேலை செய்த மேரின் அந்தத் திறந்த வளையத்தை நெருப்பூதிப் பற்றவைத்தாள். ஆறும்வரை பிடித்துக்கொண்டு, இது யாருக்கு என்று கேட்டாள்.

அண்ணாவின் மகனுக்கு என்றேன்.

"சின்னப் பிள்ளையா?"

"இல்லை. பத்தொன்பது வயது."

பின்னால் கதவு திறந்தது. தொங்கட்டங்கள் கிலுங்கின. நான் திரும்பி, நெடிய ஒருவனின் முகம் வரக்கூடிய உயரத்தில் பார்த்தேன்.