மணிக்கட்டில் ஓர் ஓட்டை

அஞ்சுகிராமத்தில் உரக்கடை வைத்திருந்த ராஜையனுக்கு மச்சான் ரசலையன்மேல் இருந்த பொறாமை சொத்தைப் பற்றியதல்ல, ஆஞ்சியோகிராமைப் பற்றியது. ரசலையன், ராஜையனின் மனைவி தங்கபாயின் அண்ணன். 2006இல் அவர் தலைசுற்றி விழுந்தபோது, தொடை இடுக்கு ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயொன்றை மேலே ஏற்றி மூளையைப் படம் பிடித்தார்கள். அப்புறம் காலை மடக்காமல் மல்லாந்து கிடந்தார். ஊரே திரண்டுபோய்ப் பார்த்தது. அன்று முதல் எந்தக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும் ரசலையன் அந்தக் குழாயை ஏற்றத் தொடங்குவார். அது தலையைத் தொடுவதற்குள் பாயசம் ஆறிவிடும்.

2017இல் ராஜையனுக்கு ஒரு கண்ணிமை தொங்கிப்போய், எல்லாம் இரட்டையாகத் தெரிந்தது. ஸ்கேன் பார்த்த டாக்டர், மூளையின் ரத்தக்குழாய் எங்கேனும் புடைத்திருக்கிறதா என்று ஆஞ்சியோ எடுத்துத்தான் சொல்ல முடியும் என்றார். ராஜையனின் முகம் மலர்ந்தது.

"தொடையிலதானே டாக்டரே?"

"வேண்டாம். மணிக்கட்டு வழியா போயிரலாம். ரத்தக்கசிவு குறைவு, உடனே எழுந்து உட்காரலாம்."

"தொடையில போட்டாத்தான் படம் தெளிவா விழும்னு சொல்லுதாவளே."

"ரெண்டும் ஒரே படம்தான். கை ரத்தக்குழாய் ஒத்துழைக்கலேன்னா மட்டும் தொடைக்குப் போவோம்."

அந்த ஒரு நம்பிக்கையோடு ராஜையன் மேசையில் படுத்தார். கைக்குழாய் முழுசாக ஒத்துழைத்தது.

ஹார்லிக்சும் ஆப்பிளுமாக வந்தவர்கள், கையில் பட்டை கட்டிக்கொண்டு உட்கார்ந்து இட்லி தின்னும் மனிதரைக் கண்டார்கள். "கையில ஊசியா?" என்று கேட்டுவிட்டு யூரியா விலையைப் பேசினார்கள். மூளைக் குழாயில் ஒரு கோளாறும் இல்லை, சர்க்கரை முற்றிக் கண் நரம்பைப் பிடித்திருக்கிறது, சில மாதங்களில் சரியாகும் என்று ஆஸ்பத்திரியில் அன்றைக்கே சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் ராஜையன் வலது காலை நீட்டி மல்லாந்து படுத்தார்.

"ஓட்டை கையில கெடக்கு. காலை எதுக்கு வெறைச்சி வச்சிருக்கிய?" என்றாள் தங்கபாய்.

"ரெத்தம் அங்கயும் ஓடுதுல்லா."

மறுநாள் ரசலையன் வந்தார். நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டார்.

"உமக்குக் கையிலயாமே, மாப்பிள. அப்போ இந்த வசதியெல்லாம் எங்களுக்குக் கெடையாது. அனுபவிச்சோம்."

ராஜையன் காலை மடக்கிச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். ரசலையன் தொடையிலிருந்து ஆரம்பித்தார்.

இமை மெல்ல மெல்ல ஏறியது. தங்கபாய் வீட்டில் சர்க்கரை வாங்குவதை நிறுத்தினாள். ராஜையன் கடைக்குப் போகிற வழியில் டீ குடித்துக்கொண்டார்.