லங்சீர்ச் சட்டை

நான்காம் வகுப்பில் நான் ஒரு கப்பல் வணிகனாக இருந்தேன். பள்ளி நாடகத்தில், சுல்தான்கள் காலத்து மலாக்காவுக்குப் பாய்மரக் கப்பலில் வந்து இறங்கும் தமிழ் வணிகன். வகுப்பில் இத்தனை பையன்கள் இருக்க அந்த வேடம் ஒரு பெண்ணுக்கு வந்ததற்குக் காரணம் என் குரல்தான். நான் பேசினால் கேன்டீன் வரை கேட்கும். முட்டிவரை நீண்ட சட்டை வேண்டும், பார்த்தவுடன் பணக்காரன் என்று தெரிய வேண்டும் என்று மட்டும் ஆசிரியை சொல்லியிருந்தார்.

அந்த ஆண்டுதான் நாங்கள் லூபோக் சீனா பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து, மலாக்கா டவுனை ஒட்டிய குருபோங்கில் வாங்கிய வீட்டுக்குக் குடிவந்திருந்தோம். தோட்டத்து வீட்டில் பலகை ஜன்னல்கள். மூடினால் இருட்டு, திறந்தால் எதிர்வீடு. புது வீட்டு முன்னறையில் பெரிய கண்ணாடி ஜன்னல். தீபாவளிக்கு எல்லா வீட்டிலும் திரைச்சீலை மாற்றுவார்கள். லங்சீர் என்போம். அம்மாவுக்கோ, மாற்றுவதற்கு முதலில் ஒன்று இருந்தால்தானே? குடிவந்த நாளிலிருந்து அவருக்கு அதே பேச்சு. அப்பா அலுத்துப்போய், ஜன்னலுக்குக் கல்யாணமா என்று கேட்டுவிட்டார்.

இரண்டு துணியையும் ஒரே நடையில் வாங்கிவிட டவுனுக்கு பஸ் ஏறினோம். முதலில் லங்சீர். கடைக்காரர் இறக்கிப் போட்டதையெல்லாம் அம்மா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், கசக்கிப் பார்த்தார். கடைசியில் அரக்கு நிறத்தில் தங்க மாங்காய் போட்ட துணியில் கை நின்றது. அந்தக் கட்டில் மீதி அவ்வளவுதான். ஜன்னலுக்குச் சரியாக இருந்தது.

அப்புறம் சட்டைத் துணி. சாட்டின் கையில் நிற்காமல் வழுக்கியது. ஜரிகை போட்ட மெல்லிய துணிக்குள் என் விரல்கள் தெரிந்தன. மஞ்சளில் ஒன்று கல்யாணப் பந்தல் மாதிரி இருந்தது. எதைப் பார்த்தாலும் எனக்குப் பணக்காரனாகத் தெரியவில்லை. அம்மா அணைத்து வைத்திருந்த துணியைக் காட்டி, அதுதான் வேண்டும் என்றேன்.

“பாப்பா, இது லங்சீர் துணிலா. சட்டைக்குக் கனம்,” என்றார் கடைக்காரர்.

“கப்பல்ல வர்றவனுக்குக் கனமாத்தான் இருக்கும்,” என்றேன்.

“இதே மாதிரி வேற கட்டு இருக்காண்ணே?” என்று கேட்டார் அம்மா.

“முடிஞ்சிருச்சுக்கா. இனிமே தீபாவளி கழிச்சுத்தான்.”

அம்மா துணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என் கண்ணில் அதற்குள் தண்ணீர் தயாராக நின்றது.

“இத மட்டும் குடுங்கண்ணே. வெட்டாம முழுசா குடுங்க.”

அம்மா தைத்த சட்டை விநோதமாக இருந்தது. வீட்டில் தையல் மிஷின் இருந்தும் கையாலேயே நீள நீளமாக ஓட்டுத் தையல் போட்டிருந்தார். கழுத்தை வெட்டவே இல்லை. தோளில் தலை நுழைய இடம் விட்டிருந்தார், அவ்வளவுதான். மிச்சத் துணியெல்லாம் தடித்தடியாக உள்ளே மடிந்து விலாவில் குத்தியது. மேடையில் நான் கையை உயர்த்திக் கப்பலைக் கூப்பிட்டபோது அக்குள் பிரிந்தது. கைதட்டல் என்னவோ பலமாகத்தான் கிடைத்தது. எங்கம்மாவுக்குச் சட்டை தைக்க வராது என்று தோழிகளிடம் சொன்னேன். பக்கத்தில் நின்ற அம்மா சிரித்தார்.

தீபாவளி நெருங்கியது. சட்டைக்குப் போக மீதி இருந்த துணியை அம்மா மாட்டிப் பார்த்தார். பாதி ஜன்னலுக்குத்தான் வந்தது.

“என்னா, ஜன்னலுக்கு அரைக்கால் சிலுவார் போட்டு விட்டிருக்க?” என்றார் அப்பா. கால்சட்டையைத்தான் சிலுவார் என்போம்.

“அந்தச் சட்டையக் குடு பாப்பா, கொஞ்சம் வேல இருக்கு,” என்று அம்மா என்னிடம் கேட்டார். மறுநாளும் கேட்டார். தீபாவளிக்கும் அதைத்தான் போடுவேன் என்று நான் ஒரே அடம்; கழற்றாமல் அப்படியே படுத்துத் தூங்கினேன். அதன் பிறகு அவர் கேட்கவில்லை. தீபாவளியன்று வந்தவர்களையெல்லாம் இழுத்துப்போய் அந்த அரை லங்சீர் அருகில் நின்று, இரண்டும் ஒரே துணி என்று காட்டினேன். எனக்கு ஒரே பெருமை. அம்மா முறுக்குத் தட்டை நீட்டிக்கொண்டே, “முறுக்கு எடுத்துக்குங்க,” என்று பேச்சை மாற்றினார்.

போன மாதம் அந்தச் சட்டையை என் மகளுக்குச் சரிசெய்து கொடுக்கலாம் என்று எடுத்தேன். ஒரு நூலை இழுத்ததும் தையல் முழுவதும் சரசரவென்று கழன்று வந்தது. எல்லாம் நேராக வெட்டிய துண்டுகள். ஒரு வளைவுகூடக் கிடையாது. தரையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்தேன். மாங்காய்கள் வரிசை தப்பாமல் சேர்ந்துகொண்டன. ஜன்னலின் மற்ற பாதி.

நாடகம் முடியும்வரை என்று அம்மா அதை எனக்கு இரவல் தந்திருக்கிறார். திருப்பிக் கேட்டபோதுதான் நான் அதைப் போட்டுக்கொண்டு தூங்கிவிட்டேன்.